கீபோர்டு என்னிடம், மவுஸ் அவரிடம்

அந்த வியாழக்கிழமை பிற்பகல் நூலகத்தின் கணினி அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான். என் தங்கையின் கணவர். வகுப்பை நடத்திய அம்மாள்; முன்பு தையல் கடை வைத்திருந்தவர், ஆகவே எல்லோருக்கும் டெய்லரம்மா. இரண்டாவது கணினியில் பூட்டுக்காரரும் அவர் மனைவியும். மூன்றாவது கணினியில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், தனியாக. அவரோடு உட்கார வேண்டியவர் முதல் வாரத்தோடு நின்றுவிட்டார். நாலரை மணிவாக்கில் வந்து சேர்ந்தவர் நூலகர். வேறு ஒருவரும் அங்கே இல்லை.

என் தங்கை அந்த நூலகத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவள். பெரியவர்களுக்குக் கணினி சொல்லித்தரும் வகுப்பைத் தொடங்கியதும் கடைசிவரை நடத்தியதும் அவள்தான். அவள் இறந்து ஓராண்டு கழித்து அந்த அறைக்கு அவள் பெயரை வைப்பது என்று நூலகத்தில் முடிவு செய்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் பொறிக்க வேண்டிய வாசகத்தைக் குடும்பத்தார் தரலாம். நூற்றைம்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும். இணையப் படிவத்தில் மட்டுமே தர வேண்டும். ஒரே ஒரு வாசகம்தான், முதலில் வந்து சேர்வதே நிற்கும்.

நான் நல்ல தாளில், என் கையெழுத்தில், வாசகத்தை எழுதி எடுத்துக்கொண்டு நேரே நூலகரிடம் போனேன். நாற்பது ஆண்டு அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். நான் எழுதிய வரைவில் யாரும் ஒரு புள்ளி திருத்தியதில்லை.

"தாள்ல வாங்குறதில்லைங்க ஐயா" என்றார் நூலகர். "படிவம் ஆறு வாரம் கழிச்சுத்தான் திறக்கும். அதுவரைக்கும் நம்ம வகுப்புல சேர்ந்துடுங்களேன். கடைசி வகுப்பு அன்னைக்கே இங்கேயே உட்கார்ந்து அனுப்பிடலாம்."

என் மகளிடம் சொல்லியிருந்தால் போனிலேயே முடித்திருப்பாள். ஆனால், "மாமாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்ப்பா" என்பாள். அந்த மாமாவிடம் ஒரு வார்த்தையும் கேட்பதற்கில்லை. ஆகவே நானே பெயர் கொடுக்க வரிசையில் நின்றேன்.

பெயர் எழுதிவிட்டுப் பேனாவை வைக்கும்போது எனக்குப் பின்னால் நிற்பது யார் என்று தெரிந்துவிட்டது. அவர் இருமலை நான் அறிவேன். திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை எடுக்கும் முன்பே திரும்பிப் பார்த்திருந்தால், பின்னால் நின்ற நர்ஸம்மாவுக்கு வழிவிட்டு வரிசையில் ஓர் இடம் தள்ளி நின்றிருப்பேன்; எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். பெயர்ப் பட்டியலில் அடுத்தடுத்த இரண்டு வரி ஒரு கணினி என்பது அந்த வகுப்பின் ஏற்பாடு. எனக்கு அது அடுத்த வியாழக்கிழமைதான் தெரியவந்தது. என் பெயருக்குக் கீழே அவர் கையெழுத்து இருந்தது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக எல்லோரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். என் தங்கை அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, என் அப்பா சம்மதித்தார், நான் சம்மதிக்கவில்லை. அதன் பிறகும் முப்பத்தைந்து ஆண்டு மரியாதை குறையாமல் நடத்தினேன். அவர் செய்த காரியம் என்ன? என் தங்கை இறந்ததை எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள், செய்தித்தாள் படிக்கப் போன இடத்தில், நூலக அறிவிப்புப் பலகையில் அவள் படத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். கூடப்பிறந்தவன், நூலக வாசலில், நின்றபடி. அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை.

டெய்லரம்மா முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார். "ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேர். ஒருத்தர் கையில கீபோர்டு, ஒருத்தர் கையில மவுஸ். கீபோர்டு வச்சிருக்கறவர் மவுஸைத் தொடக்கூடாது, மவுஸ்காரர் கீபோர்டைத் தொடக்கூடாது. வாரா வாரம் மாத்திக்கணும்."

"ஏன் இந்தத் தண்டனை?" என்றார் பூட்டுக்காரர்.

"ரெண்டும் ஒருத்தர் கையில இருந்தா அவர் மட்டும்தான் கத்துக்குவார், பக்கத்துல இருக்கறவர் சினிமா பார்ப்பார். இது நான் போட்ட சட்டம் இல்லை. அக்கா போட்டது."

அக்கா என்றால் என் தங்கை. கடையில் கூட்டம் குறைந்த காலத்தில் டெய்லரம்மா இங்கே வந்து கற்றுக்கொண்டவர். எனக்கு இடம் மாற்றித் தரும்படி கேட்டேன். "யார்கூட உட்காரமாட்டேன்னு இங்க யாரும் சொல்லக்கூடாதுங்க ஐயா" என்றார். தையல் கடையில் அளவு தவறிய துணியைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம் பேசிப் பழகிய குரல்.

முதல் வாரம் மவுஸ் அவரிடம். கியர் மாற்றுவதுபோல் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து இழுத்தார். திரையில் அம்பு ஓரத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. நான் டெய்லரம்மாவைக் கூப்பிட்டு, "அம்பை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றேன். அவர், "அந்தப் பெரியவரைக் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்கம்மா, மேஜையே ஆடுது" என்றார். தட்டச்சில் இரண்டு நிலைத் தேர்வும் தேறியவன் நான். எனக்கு மெதுவாக அடிக்கத் தெரியாது.

இரண்டாவது வாரம் கீபோர்டு அவரிடம் போனது. ஒவ்வோர் எழுத்தையும், கீழே விழுந்த திருகாணியைத் தேடுவதுபோல் தேடினார். தன் பெயரை அடிக்க அவருக்குப் பதினோரு நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவருக்குத் தெரியும்படி.

மூன்றாவது வாரம் டெய்லரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் என்ன தபால்காரியா? அவர் சொன்னதை உங்ககிட்டயும் நீங்க சொன்னதை அவர்கிட்டயும் தூக்கிட்டு அலைய? பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க. வாய் இருக்குல்ல?"

வாய் இருந்தது. ஆனால் திறப்பதற்கில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சொல்ல வேண்டியதைத் திரையில் தட்டினேன். 'மேலே உள்ள மூன்றாவது படத்தை அழுத்தவும்.' அவர் படித்துவிட்டு அம்பைக் கொண்டுபோய் அழுத்துவார். பிறகு நான் அந்த வரியை அழித்துவிடுவேன். அவருக்கு விருப்பமில்லாவிட்டால் அம்பை இடதும் வலதுமாக ஆட்டுவார். விருப்பமென்றால் மேலும் கீழுமாக. இந்த முறையில் இரண்டு வாரம் எல்லாப் பாடத்தையும் முடித்தோம். இது கெட்டுவிடக் கூடாதென்று டெய்லரம்மாவும் எங்களை மட்டும் அதன் பிறகு கை மாற்றச் சொல்லவில்லை. நர்ஸம்மா பார்த்துவிட்டு, "தொண்டையில ஆபரேஷன் ஆனவங்ககூட இவ்வளவு ஒழுங்கா பேசிக்கமாட்டாங்க" என்றார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

ஆறாவது வாரமும் கீபோர்டு எனக்கு. அன்று மதியம் படிவம் திறந்தது. ஐந்து மணிக்கு மூடிவிடும். மூன்று மணிக்கு அவரே அதன் மேல் அம்பை வைத்து அழுத்தினார். வெள்ளைப் பெட்டி ஒன்று. அதன் கீழே 150 என்ற எண். அதற்கும் கீழே அழிக்க ஒரு சிவப்புப் பொத்தான், அனுப்ப ஒரு பச்சைப் பொத்தான்.

நான் தட்டத் தொடங்கினேன். தாத்தாவின் பெயரும் பதவியும், அப்பாவின் பெயரும் பதவியும், அவர்களின் மரபில் வந்த இன்னாரின் அன்புத் தங்கை என்று என் பெயர். எண் பூஜ்யத்துக்கு வந்து நின்றுவிட்டது. என் தங்கையின் பெயரை இன்னும் தட்டவில்லை. தாத்தாவின் பதவியைச் சுருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வரி முழுவதும் நீலமாக மாறியது. அவர் மவுஸால் இழுத்துப் பிடித்திருந்தார். வலது பொத்தான், ஒரு சிறிய பட்டியல், அதில் 'வெட்டு'. பெட்டி காலியாகிவிட்டது. நாலாவது வாரம் பாடத்தில் வந்தது அது. அன்று கவனிக்காதவர்போல உட்கார்ந்திருந்தார்.

மறுபடி தட்டினேன். மறுபடி வெட்டினார். தாத்தாவை விட்டுவிட்டு அப்பாவிலிருந்து தொடங்கினேன். அதையும் வெட்டினார்.

"சலூன்லகூட ஒரு மணி நேரத்துல இவ்வளவு வெட்டு விழாது" என்றார் பூட்டுக்காரர். அவர் மனைவி, "நீங்க உங்க திரையைப் பாருங்க, நம்ம படிவத்துல உங்க வயசு நூத்தி அறுபதுன்னு இருக்கு" என்றாள்.

பிறகு என் பக்கத்தில் இருந்தவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து கீபோர்டின் மேல் வைத்தார். பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியது. இன்னாரின் மனைவி. அவ்வளவுதான், பிறகு அவள் பெயர். நான் அதைத் தட்டி அனுப்ப வேண்டுமாம். காகிதத்தை இரண்டு விரலால் எடுத்து அவர் பக்கம் வைத்தேன். மறுபடி என் பக்கம் வைத்தார்.

நாலு மணி இருபது நிமிடம். பெட்டிக்குள் இதைத் தட்டினேன்: 'சாவைச் சொல்லத் தெரியாத ஆளுக்கு என் தங்கையின் தகட்டில் இடம் இல்லை.'

அவர் படித்தார். உதடு அசையப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். அம்பு இடதும் போகவில்லை, வலதும் போகவில்லை. நேராகக் கீழே போய்ப் பச்சைப் பொத்தானின் மேல் நின்றது. அழுத்தினார்.

திரை மாறியது. 'உங்கள் வாசகம் பெறப்பட்டது. நன்றி.' அதன் கீழே, கட்டம் கட்டி, நான் தட்டிய வரி.

டெய்லரம்மா வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் போட்டார்.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?"

"பாடத்தை முடிக்கணும்னா பச்சையை அழுத்துங்கன்னுதானே சொன்னீங்க" என்றார் அவர். "நான் முடிச்சேன்."

"வேண்டுமென்றே செய்தார்" என்றேன்.

"எழுதினது யாரு?" என்று டெய்லரம்மா என்னிடம் திரும்பினார். "உங்க கையில கீபோர்டு, அவர் கையில மவுஸ். இதுல பாதி உங்களுது, பாதி அவருது. இதைத்தான் பித்தளையில வெட்டி அக்கா பேர் வச்ச ரூம் வாசல்ல மாட்டப்போறாங்க. வர்றவங்க எல்லாரும் படிப்பாங்க. அக்கா இருந்திருந்தா ரெண்டு பேரையும் காதைப் பிடிச்சு வெளிய நிறுத்தியிருப்பாங்க."

என் வாழ்க்கையில் ஒரு பெண் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தேன். பெட்டிக்குள் கட்டம் கட்டி நின்ற அந்த வரி என் கண்ணில் பட்டது. எங்கள் குடும்பத்தின் அசிங்கத்தை நானே என் விரலால் ஊருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நூலகரை வரவழைத்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "அஞ்சு மணிக்கு இது தானா தகடு வெட்டுற பட்டறைக்குப் போயிடும். அப்புறம் என்னால தடுக்க முடியாது. இப்பவே எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்க. பழைய வாசகம் வேண்டாம், புது வாசகம் இதுன்னு. ஆனா கணவர், அண்ணன் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட வாசகமா இருக்கணும். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் மறுத்தா, முதல்ல வந்ததுதான் நிற்கும்."

அறையில் மற்ற மூன்று பேரும் தங்கள் திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விசையும் தட்டப்படவில்லை.

நான் பேசினேன். பதினாலு மாதத்துக்குப் பிறகு. "மாப்பிள்ளை, அவள் எங்கள் வீட்டில் பிறந்தவள். எங்கள் அப்பா பெயர் வர வேண்டும்."

"உங்க வீட்ல பிறந்தா. இருபத்தஞ்சு வருஷம் இருந்தா. என் வீட்ல முப்பத்தஞ்சு வருஷம். கணக்கு உங்களுக்குத்தான் நல்லா வருமே மச்சான், போட்டுப் பாருங்க."

"சாவைச் சொல்லவில்லை நீங்கள்."

"சொன்னேன்."

"யாரிடம்?"

"உங்களுக்குத்தான். பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டு உங்க போனுக்கு மெசேஜ் போட்டேன். அன்னைக்குக் காலையிலேயே. ரெண்டு தடவை."

"சாவை யாராவது மெசேஜில் சொல்வார்களா? ஆள் விட வேண்டும். இல்லை நேரில் வர வேண்டும். குறைந்தது பேச வேண்டும்."

"பேசினா நீங்க எடுப்பீங்களா? பத்து வருஷமா நான் போன் பண்ணினா எந்தத் தடவை எடுத்தீங்க? 'தங்கச்சிகிட்ட குடு'ன்னு சொல்லத்தானே எடுப்பீங்க. அன்னைக்கு யார்கிட்ட குடுக்கறது?"

என் போனில் வரும் செய்திகளை நான் திறப்பதில்லை. திறக்கத் தெரியாது. வருவதையெல்லாம் என் தங்கை வரும்போது பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். இதை அங்கே நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. சாவை ஆள் விட்டுத்தான் சொல்ல வேண்டும். இன்றும் என் கருத்து அதுதான்.

"நாலு முப்பத்தெட்டு" என்றார் டெய்லரம்மா.

"மனைவின்னு போடலாம், தங்கைன்னும் போடலாம்" என்றார் நூலகர். "ரெண்டும் போட நூற்றைம்பது எழுத்து போதும்."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "முடியாது" என்றோம். என் பெயரும் அவர் பெயரும் ஒரே பித்தளையில், பக்கத்தில் பக்கத்தில், காலகாலத்துக்கும். நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

"உங்க பேர் வேண்டாம்" என்றார் அவர். "என் பேரும் வேண்டாம்."

"என் அப்பா பெயர்?"

"அதுவும்தான். அவர் வந்தா நீங்க வருவீங்க. நீங்க வந்தா நான் வருவேன்."

"உங்கள் பெயர் இல்லாமல் போவதில் உங்களுக்கு வருத்தமில்லையா?"

"இருக்கு. ஆனா உங்க பேர் இருந்தா அதைவிட வருத்தமா இருக்கும்."

அவர் அன்று சொன்னவற்றில் எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே பேச்சு அது. நான் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டேன். அவர் மவுஸை எடுத்து மின்னஞ்சலைத் திறந்தார், புதிய கடிதத்தைத் திறந்தார், நூலகரின் முகவரியைக் கட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒரு தடவையும் தவறவில்லை.

அவள் பெயரைத் தட்டினேன். பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லாமல் அது மொட்டையாகத் தெரிந்தது. அதன் கீழே பிறந்த தேதியைத் தட்டினேன்.

"அது இல்லையே" என்றார். "சர்ட்டிபிகேட்ல வேற இருக்கு. நான் முப்பத்தஞ்சு வருஷமா அந்தத் தேதியிலதான்..."

"பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மாற்றிக் கொடுத்தது அது. அவள் பிறந்த அன்று நான் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். இதுதான் தேதி."

அவர் மவுஸை மறுபடி பிடித்தார். பிறகு அம்பு மேலும் கீழுமாக அசைந்தது.

அடுத்து இறந்த தேதி. விசைகளின் மேல் விரலை வைத்தேன். எனக்குத் தெரிந்தது பலகையில் படத்தைப் பார்த்த நாள். அறிவிப்பில் தேதியும் இருந்திருக்கும். நான் படத்துக்குக் கீழே படிக்கவில்லை. அதன் பிறகு யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால், எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும்.

"என்ன தேதி?" என்றேன்.

அவர் சொன்னார். "செவ்வாய்க்கிழமை" என்றார். "விடிஞ்சு ஆறே கால் இருக்கும். டீ கேட்டா. போட்டு எடுத்துட்டு வந்தேன்..."

"நேரம் வேண்டாம்" என்றேன். "தேதி போதும்."

தட்டினேன். பிறகு அதற்கும் கீழே அவள் என்ன செய்தாள் என்று ஒரு வரி வேண்டும் என்றார் நூலகர். எனக்குத் தோன்றிய சொற்களெல்லாம் அலுவலகப் பிரிவுபசாரப் பத்திரத்தில் வருகிற சொற்கள். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. டெய்லரம்மா எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, "இந்த வகுப்பைத் தொடங்கி நடத்தியவர்னு போடுங்க. அது போதும்" என்றார். இருவரும் மறுக்கவில்லை. தட்டினேன். மொத்தம் எழுபது எழுத்துகூட வரவில்லை.

"அனுப்புற பொத்தானை நீங்களே அழுத்துங்க" என்று அவர் மவுஸை என் பக்கம் தள்ளினார்.

"கீபோர்டு வைத்திருப்பவர் மவுஸைத் தொடக்கூடாது" என்றேன்.

அவரே அழுத்தினார். நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். நூலகர் தன் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார்.

தகடு இப்போது மாட்டியிருக்கிறது. நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன். எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது. அந்தக் கட்டடத்தில் மற்ற தகடுகளிலெல்லாம் இன்னாரின் மகன், இன்னாரின் நினைவாக இன்னார் வழங்கியது என்று குறைந்தது இரண்டு பெயராவது இருக்கும். இதில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். எங்கள் உறவில் சிலருக்கு அது குறையாகப் படுகிறது. அப்பா பெயரை விட்டுக்கொடுத்துவிட்டாயே என்று என் பெரியப்பா மகன் கேட்டான். அந்த ஆளின் பெயர் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவனும் ஒப்புக்கொண்டான்.

நாங்கள் இருவரும் அன்று நூலகத்திலேயே கட்டிப்பிடித்து அழுதோம் என்றும், அவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார் என்றும் குடும்பத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. ஒருவரும் அழவில்லை. நான் எழுந்தபோது வழியில் இருந்த தன் நாற்காலியை அவர் நகர்த்தினார். நான் வெளியே வந்தேன். அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. நான் கூப்பிடவும் இல்லை.